பட்டறைக் கருவிகளையும் சரக்கையும் மென்பொருளில் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பட்டறைகளில் இருப்புப் பதிவேட்டு மென்பொருள் பாதியில் நின்றுபோவதற்கு மென்பொருளின் குறை காரணமாக இருப்பது அரிது. முதல் வாரம் உற்சாகம் பொங்க, லேத் இயந்திரம் முதல் வாஷர் வரை எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். சில வாரம் கழிந்ததும் திரையில் 140 என்றிருக்கும், டப்பாவில் 60 கூட இருக்காது. அதன்பின் திரையை யாரும் நம்ப மாட்டார்கள். "டார்க் ரெஞ்ச் யாரிடம் இருக்கிறது?" என்று பழையபடி குரல் கொடுத்துத் தேடுவார்கள்.

ஆகவே எதைப் பதியக் கூடாது என்று முடிவு செய்வதுதான் இதில் பாதி வேலை. ஒரு பொருளைப் பதிவதில் உள்ள சிரமம், அதைத் தேடி அலையும் சிரமத்தையோ அது தீர்ந்து வேலை நின்றுபோகும் இழப்பையோ விடக் குறைவாக இருந்தால் மட்டும் அதைப் பதியுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

படி 1: பொருளுக்கு முன் இடத்துக்கு எண் கொடுங்கள்

கணினியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு அலமாரிக்கும், தட்டுக்கும், இழுப்பறைக்கும், டப்பாவுக்கும் ஒரு குறியீடு கொடுத்து அதை அங்கேயே பெரிதாக ஒட்டுங்கள். எந்தப் பொருளுக்கும் நிலையான ஓர் இடம் இல்லையென்றால், எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடித்துத் தரப்போவதில்லை.

குறியீட்டை உருவாக்கும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, அது எழுத்தில் தொடங்கட்டும். அலமாரி, தட்டு, டப்பா என்ற வரிசையில் 2-4-07 என்று வெறும் எண்ணாக எழுதினால், எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். இரண்டு, எண்களுக்கு இடையில் இடைவெளி விட்டு வையுங்கள். 10, 20, 30 என்று தட்டுகளுக்கு எண் கொடுத்தால், நாளை நடுவில் ஒரு தட்டு வந்தாலும் எல்லா லேபிளையும் கிழிக்க வேண்டியதில்லை. மூன்று, குறியீட்டை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துக்கொண்டு, பொருளின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். இதற்குக் காரணம் தொழில்நுட்பம்தான். கோடு 128 போன்ற பட்டைக்குறிகளில் தமிழ் எழுத்து ஏறாது. கியூஆர் குறியில் ஏறும், ஆனால் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தனித்தனியாக 3 பைட் வேண்டும். குறி அடர்த்தியாகி, சிறிய லேபிளில் படிக்கச் சிரமமாகும்.

எந்தப் பிரிவிலும் சேராத பொருளுக்கு "பிரிக்காதவை" என்று ஒரு பெட்டி வைத்து, அதற்கும் குறியீடு கொடுங்கள். அது இல்லாத பட்டறையில் மேசை முழுவதும் பிரிக்காதவையாகிவிடும்.

படி 2: எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், எடுத்தால் திரும்பி வர வேண்டியவை: ட்ரில் இயந்திரம், மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்ச், புல்லர், டை செட். இவற்றில் எண்ணிக்கை முக்கியமில்லை, அடையாளம் முக்கியம். "மூன்று ட்ரில் இயந்திரங்கள் இருக்கின்றன" என்ற தகவல் பயனற்றது. எது யாரிடம் இருக்கிறது, எது பழுதாகி நிற்கிறது என்பதுதான் வேண்டும். எனவே ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிப் பதிவு.

இரண்டாவது குவியல், எடுத்தால் தீர்ந்துபோகிறவை: வெல்டிங் ராடு, கட்டிங் வீல், உப்புத்தாள், பசை, பெயிண்ட், கட்டர் ஆயில். இவற்றில் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் பெரும்பாலும் வேறுபாடு இல்லை. எவ்வளவு இருக்கிறது, எப்போது வாங்க வேண்டும் என்பதே கேள்வி.

மூன்றாவது குவியலைத்தான் பலரும் தவறாகக் கையாளுகிறார்கள். வாஷர், சிறு ஆணி, கேபிள் டை, சாதாரண நட்டு போன்ற சில்லறைச் சரக்கை எண்ணிப் பதிவது வீண்வேலை. இவற்றுக்கு இரண்டு டப்பா முறை போதும். ஒரே பொருளை இரண்டு டப்பாக்களில் முன்னும் பின்னுமாக வையுங்கள். முன் டப்பா காலியானதும் பின் டப்பாவை முன்னே இழுத்துவிட்டு, காலி டப்பாவைக் கொள்முதல் தட்டில் போட்டுவிட வேண்டும். மென்பொருளில் அந்தப் பொருளுக்கு ஒரு பதிவு இருக்கும்: பெயர், இடம், எங்கே வாங்குவது, ஒரு தடவைக்கு எவ்வளவு. இருப்பு எண்ணிக்கை என்ற கட்டமே இருக்காது. காலி டப்பாவின் குறியை ஸ்கேன் செய்தால் கொள்முதல் பட்டியலில் ஏறிவிடும். அவ்வளவுதான்.

எந்தப் பொருள் எந்தக் குவியல் என்பதில் விலை மட்டும் அளவுகோல் அல்ல. மலிவான ஒரு பிரத்யேக ஓ-ரிங் தீர்ந்துபோய் இயந்திரமே நின்றால், அது இரண்டாவது குவியலைச் சேர்ந்தது. கை ஸ்பானர் செட்டை ஒவ்வொன்றாகப் பதிவதைவிட, அதன் வடிவத்தைப் பலகையில் வரைந்து மாட்டிவைத்து, முழுப் பலகையையும் ஒரே பதிவாக வைப்பது நல்லது. காலியாகத் தெரியும் வடிவமே எது இல்லை என்று சொல்லிவிடும்.

படி 3: மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஓரிருவர் மட்டும் வேலை செய்யும் இடத்தில், சில நூறு பொருள்கள் வரை விரிதாளே போதுமானது. லிப்ரேஆபிஸ் கால்க், எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. ஒரே நேரத்தில் பலர் தொட வேண்டிய நிலை வரும்போதும், யார் எடுத்தார் என்ற வரலாறு தேவைப்படும்போதும்தான் தனி மென்பொருள் அவசியமாகிறது.

கட்டற்ற மென்பொருள்களிலேயே நல்லவை இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்காகப் பிறந்தது. ஸ்னைப்-ஐடி அலுவலகக் கணினிகளைக் கண்காணிக்க உருவானது. கருவியை ஒருவர் பெயரில் கொடுத்துத் திரும்ப வாங்கும் வேலை அதில் மிக நேர்த்தி. இன்வென்ட்ரீ உதிரிபாகங்களுக்கும் தயாரிப்புக்கும் ஏற்றது. இடத்துக்குள் இடம் என்று அடுக்கடுக்காக அமைக்கலாம், ஒரு பொருளைச் செய்ய எந்தெந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்ற பட்டியலையும் வைத்துக்கொள்ளலாம். மின்னணுப் பாகங்கள் அதிகமுள்ள இடத்துக்குப் பார்ட்-டிபி. எளிமையே போதும் என்றால் வீட்டுப் பயன்பாட்டுக்காக எழுதப்பட்ட ஹோம்பாக்ஸ். என் கருத்தில், கருவிகள் காணாமல்போவது உங்கள் தலைவலி என்றால் ஸ்னைப்-ஐடி, சரக்கு தீர்ந்துபோவது தலைவலி என்றால் இன்வென்ட்ரீ. இரண்டுமே தலைவலி என்றால், எது அதிகம் வலிக்கிறதோ அதை முதலில் தீருங்கள். இரண்டு மென்பொருளை ஒரே சமயத்தில் நிறுவ வேண்டாம்.

கட்டணச் சேவையை எடுப்பதானால் ஒரு கேள்வி கேட்டால் போதும்: எது எப்போது வந்தது, போனது என்ற நகர்வு வரலாறு உட்பட முழுத் தரவையும், எந்த விரிதாளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? முடியாதென்றால் வேண்டாம்.

சொந்த சர்வரில் நிறுவுகிறவர்கள் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. பட்டறைக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் மென்பொருளை ஓடவிட்டு, கைப்பேசி உலாவியில் திறந்தால் எல்லாம் வேலை செய்யும், கேமரா ஸ்கேன் மட்டும் திறக்காது. பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டுமே உலாவிகள் கேமராவை அனுமதிப்பதுதான் காரணம். சான்றிதழ் அமைத்து எச்டிடிபிஎஸ் வழியாகத் திறக்க வேண்டும், அல்லது யூஎஸ்பி ஸ்கேனர் ஒன்றை வாங்கிவிட வேண்டும். அந்த ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே தெரியும் என்பதால் எந்த மென்பொருளுடனும் ஒத்துப்போகும். கிரீஸ் படிந்த கைகளுக்குக் கைப்பேசியைவிட இதுதான் உகந்தது.

படி 4: அட்டவணைகளை அமையுங்கள்

விரிதாளில் தொடங்குகிறவர்களுக்கு மூன்று தாள்கள் வேண்டும்: பொருள், இடம், நகர்வு. தனி மென்பொருளிலும் உள்ளுக்குள் ஏறக்குறைய இதே அமைப்புதான் இருக்கும். எனவே விரிதாளை ஒழுங்காக அமைத்தால் பின்னால் மாறுவதும் எளிது.

பொருள் தாளில் குறியீடு, பெயர், மாற்றுப் பெயர்கள், வகை, அலகு, இடக் குறியீடு, மறுகொள்முதல் அளவு, விற்பவர் ஆகிய பத்திகள் போதும். மாற்றுப் பெயர் என்ற பத்தியை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒருவர் ஸ்பானர் என்று தேடுவார், இன்னொருவர் ஸ்பேனர் என்று தேடுவார், மூன்றாமவர் திருகுசாவி என்பார். மூன்றையும் அந்தப் பத்தியில் எழுதிவைத்தால் எந்தத் தேடலிலும் பொருள் அகப்படும். தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "போல்ட்" என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, சில மென்பொருள்களின் தேடலுக்கு இரண்டும் வேறு. ஒரே விசைப்பலகையைக் கொண்டு எல்லாப் பெயர்களையும் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

நகர்வுத் தாள்தான் இதயம். தேதி, பொருள் குறியீடு, எண்ணிக்கை, யார், எதற்கு. வந்தால் கூட்டல், போனால் கழித்தல். இருப்பு எண்ணை யாரும் கையால் மாற்றக் கூடாது. விரிதாளிலுள்ள சம்இஃப் (SUMIF) என்ற சார்பு நகர்வுகளைக் கூட்டி இருப்பைத் தானே காட்டட்டும். எண்ணையே நேரடியாக மாற்றினால் 140 எப்படி 60 ஆனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நகர்வுகள் இருந்தால், இரண்டு பெட்டி வரவு இருமுறை பதியப்பட்டதா, ஒரு பெரிய வேலைக்கு எடுத்தது பதியாமல் போனதா என்று பின்னோக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

அலகில் குழப்பம் மிக எளிதாக வரும். வாங்குவது பெட்டி, எடுப்பது ஒன்றிரண்டு. பதிவில் எப்போதும் எடுக்கும் அலகையே வையுங்கள். "1 பெட்டி = 50" என்ற மாற்று எண்ணைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். கிரீஸ், பெயிண்ட் போன்றவற்றை மில்லிலிட்டரில் பதிய நினைக்காதீர்கள். திறக்காத டப்பாக்களை மட்டும் எண்ணுங்கள். திறந்த டப்பா செலவானதாகவே கணக்கு.

அளவுகளை எழுதும் பத்திக்கு "உரை" என்ற வடிவத்தை, தரவை ஏற்றும் முன்பே கொடுத்துவிடுங்கள். 3/8 அங்குல ட்ரில் பிட் என்று நீங்கள் எழுத, விரிதாள் அதை மார்ச் 8 அல்லது ஆகஸ்ட் 3 ஆக்கிவைக்கும். 007 என்ற எண் 7 ஆகும். இது சிறு எரிச்சல் என்று தோன்றலாம். ஆனால் விரிதாள்கள் தேதியாக மாற்றிவிடுகின்றன என்பதற்காகவே, 'மார்ச் 1' போன்ற மனித மரபணுப் பெயர்களை அவற்றுக்குப் பெயர் சூட்டும் குழுவே மாற்றியது. அதற்கான வழிகாட்டுதல் 2020-ல் வெளியானது. விரிதாள் பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுக்க வேண்டியது நாம்தான்.

படி 5: லேபிள் ஒட்டுங்கள்

கியூஆர் குறியை 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தின் ஒரு பிரிவு (இன்றைய டென்சோ வேவ்) உருவாக்கியதே வாகனப் பாகங்களைத் தொழிற்சாலையில் பின்தொடர்வதற்காகத்தான். எனவே அழுக்கும் எண்ணெயும் அதற்குப் புதிதல்ல. அதில் நான்கு பிழைத்திருத்த நிலைகள் உண்டு: ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீதம் வரை குறி சேதமானாலும் படிக்க முடியும். பட்டறைக்கு 25 அல்லது 30 சதவீத நிலையைத் தேர்ந்தெடுங்கள். நிலை உயர உயரக் குறி அடர்த்தியாகும் என்பதால், உள்ளே முழு இணைய முகவரியைத் திணிக்காமல் சிறு குறியீட்டை மட்டும் வையுங்கள். அதே குறியீட்டைக் கண்ணால் படிக்கும்படி கீழேயும் அச்சிடுங்கள். ஸ்கேனர் இல்லாத நேரத்தில் அதுதான் உதவும்.

அச்சிடும் முறையைப் பொறுத்து லேபிளின் ஆயுள் மாறும். கடைகளில் ரசீது அடிக்கும் நேரடி வெப்ப அச்சு, சூட்டிலும் வெயிலிலும் கரைப்பான் பட்டாலும் மங்கிப்போகும். டப்பாக்களுக்கும் உள் அலமாரிக்கும் அது போதும். கருவிகளின் மேல் ஒட்டுவதற்கு, பாலியெஸ்டர் லேபிளில் ரெசின் ரிப்பன் கொண்டு அச்சிடும் வெப்பப் பரிமாற்ற முறையே தாக்குப்பிடிக்கும். எப்போதும் எண்ணெயில் ஊறும் கருவிகளுக்கு லேபிள் வேண்டாம். எண்ணைப் பொறித்துவிடுங்கள். ட்ரில் பிட், டேப் போன்ற சிறியவற்றுக்கு அவை நிற்கும் தாங்கியில் ஒட்டினால் போதும்.

ஒட்டும் முன் பரப்பை எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். கை பிடிக்கும் இடத்திலோ, காற்றுத் துளைகளின் மேலோ, தயாரிப்பாளரின் விவரத் தகட்டின் மேலோ ஒட்டக் கூடாது.

படி 6: எடுப்பதையும் வைப்பதையும் பத்து நொடிக்குள் அடக்குங்கள்

முழு அமைப்பும் நிற்பதா விழுவதா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. பதிவு செய்ய அறையின் மறுகோடிக்கு நடக்க வேண்டியிருந்தால் பதிவு நடக்காது. கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தாலும் நடக்காது. கடவுச்சொல் கேட்டால் சொல்லவே வேண்டாம்.

ஸ்டோர் வாசலில், கை எட்டும் உயரத்தில், எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு திரையும் ஒரு ஸ்கேனரும் வையுங்கள். பக்கத்திலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு குறி ஒட்டிய பலகை. பெயரை ஸ்கேன் செய், பொருளை ஸ்கேன் செய், போ. திரும்ப வைக்கும்போது பொருளை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும். எந்த வேலைக்கு, என்ன காரணம் என்றெல்லாம் கட்டாயக் கட்டங்கள் வைத்தால், ஒருவர் எடுத்து நால்வருக்குக் கொடுக்கும் வழக்கம் தொடங்கிவிடும். செலவை வேலைவாரியாகப் பிரிக்கத்தான் வேண்டுமென்றால், நடப்பிலுள்ள வேலைகளுக்கும் ஒரு குறிப் பலகை வையுங்கள். தட்டச்சு மட்டும் வேண்டாம்.

தீரும் சரக்குக்கு ஒவ்வொன்றாக எடுப்பதைப் பதியாமல், பெட்டி திறக்கும்போது ஒரே தடவையாகப் பதியலாம். துல்லியம் குறையும், ஆனால் பதிவு நடக்கும். துல்லியமாகப் பதியச் சொல்லி எதுவும் பதியாமல் போவதைவிட இது மேல்.

கருவிக்கு நான்கு நிலைகள் போதும்: இருக்கிறது, வெளியே, பழுது, காணவில்லை. கடைசி நிலையைத் தயங்காமல் பயன்படுத்தும் சூழல் இருக்க வேண்டும். காணவில்லை என்று சொன்னவரையே முதலில் விசாரித்தால், அடுத்த தடவை எவரும் சொல்ல மாட்டார்கள். பதிவில் எல்லாக் கருவியும் பத்திரமாக இருக்கும், பட்டறையில்தான் இருக்காது.

படி 7: எப்போது வாங்க வேண்டும் என்று கணக்கிடுங்கள்

மறுகொள்முதல் அளவு என்பது, இருப்பு இவ்வளவுக்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டும் என்ற எண். ஒரு நாளின் சராசரிச் செலவை, சரக்கு வந்து சேர ஆகும் நாட்களால் பெருக்கி, அதோடு காப்பு இருப்பை, அதாவது செலவோ தாமதமோ கூடினால் கைகொடுக்கும் கூடுதல் சரக்கைக் கூட்ட வேண்டும்.

கட்டிங் வீல் நாளுக்குச் சராசரியாக 4 செலவாகிறது, சரக்கு வர 6 நாள் ஆகிறது என்று வையுங்கள். 4 × 6 = 24. இது எல்லாம் சீராக நடந்தால் மட்டும் போதுமான எண். வேலை மிகுந்த நாளில் 6 வரை போகும், சரக்கு வர சில சமயம் 8 நாள் ஆகும் என்றால், மோசமான நிலையில் 6 × 8 = 48 தேவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 24-தான் காப்பு இருப்பு. மறுகொள்முதல் அளவு 48. எல்லாப் பொருளுக்கும் இந்த அளவு தாராளம் தேவையில்லை. பக்கத்தில் உடனே கிடைப்பதற்குச் சராசரியே போதும். இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடும் என்பதற்கு மோசமான நிலையை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஆர்டர் போட்டு இன்னும் வராத சரக்கைத் தனிப் பத்தியில் காட்டுங்கள். இருப்பையும் வரவிருப்பதையும் கூட்டியே மறுகொள்முதல் அளவோடு ஒப்பிட வேண்டும். இல்லையேல் தினமும் எச்சரிக்கை வரும், யாராவது இரண்டாம் முறையும் ஆர்டர் போட்டுவிடுவார்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது லாபம் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913-லேயே ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். சிறு பட்டறைக்கு அது தேவைப்படாது. பெட்டியின் அளவும் அலமாரியின் இடமுமே அதைத் தீர்மானித்துவிடும்.

படி 8: நாள் கடந்தால் கெடுபவை

எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் காலத்தை மறந்துவிடுவதுண்டு. ரெசின் பிணைப்புள்ள கட்டிங் வீலும் கிரைண்டிங் வீலும் நாளாக நாளாக வலுவிழக்கும். ஐரோப்பியத் தரப்படி கையடக்க கிரைண்டர் வீல்களில் காலாவதி மாதமும் ஆண்டும் குறிக்கப்படுகின்றன. நடுவிலுள்ள உலோக வளையத்தில் அதைக் காணலாம். பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. எபாக்சி, சிலிக்கான் சீலன்ட், உடனடிப் பசை எல்லாவற்றுக்கும் இப்படித் தேதி உண்டு. இவற்றுக்கு வரவு பதியும்போதே காலாவதித் தேதியையும் பதிந்து, முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்கும்படி முன்வரிசையில் அடுக்குங்கள். முதலில் வந்தது முதலில் காலாவதியாகும் என்று எப்போதும் சொல்ல முடியாது.

அளவிடும் கருவிகளுக்கு அளவுத்திருத்த நாள், அதாவது சரியாக அளக்கிறதா என்று சோதித்துச் சரிசெய்யும் நாள் தேவை. டார்க் ரெஞ்சுக்கு, பயன்படுத்துபவருக்கென்று தனி நடைமுறை இல்லாவிட்டால், 5,000 தடவை அல்லது 12 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அது என்று ஐஎஸ்ஓ 6789 தரம் சொல்கிறது. தடவைகளை யாரும் எண்ணப்போவதில்லை. தேதியை வைத்து, ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வரும்படி செய்யுங்கள். நாள் கடந்த கருவியை மென்பொருள் வெளியே கொடுக்க மறுக்கும்படி அமைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

படி 9: எண்ணிப் பாருங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை பட்டறையை மூடி எல்லாவற்றையும் எண்ணுவது பழைய வழக்கம். அதைவிட வாரத்துக்குப் பத்துப் பதினைந்து இடங்களை எண்ணுவது பயன் தரும். பிழை நடந்து நாளாகாததால் காரணமும் கண்டுபிடிக்க முடியும். வேகமாகச் செலவாகும் பொருள் அடிக்கடி வரட்டும், மற்றவை சுழற்சியில் வரட்டும். டப்பா காலியாகும்போது எண்ணிப் பார்ப்பதே ஆகச் சுலபமான எண்ணிக்கை. கண்ணால் பார்த்தாலே பூஜ்யம் என்று தெரியும், திரையும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

எண்ணுகிறவருக்குத் திரையில் உள்ள எண்ணைக் காட்டாதீர்கள். காட்டினால், 43 இருக்கும் இடத்தில் 45 என்று எழுதிவிட மனம் இழுக்கும். வேறுபாட்டைச் சரிசெய்யும்போதும் இருப்பை நேரடியாக மாற்றாமல், "எண்ணிக்கைத் திருத்தம்" என்ற காரணத்தோடு ஒரு நகர்வாகப் பதியுங்கள். ஒரே பொருளில் திருத்தம் திரும்பத் திரும்ப வந்தால், ஆட்களைக் குறை சொல்லுமுன் அதன் அலகையும் இடத்தையும் பாருங்கள். பெரும்பாலும் பெட்டிக்கும் ஒற்றைக்கும் இடையிலான குழப்பமாக இருக்கும். அல்லது அது மூன்றாவது குவியலுக்கு அனுப்ப வேண்டிய பொருளாக இருக்கும். அனுப்பிவிடுங்கள்.

படி 10: காப்புப் பிரதி

சிறு கணினியின் மெமரி கார்டில் முழுப் பதிவேடும் இருந்தால், கார்டு ஒருநாள் கைவிடும் என்று எதிர்பார்த்தே வேலை செய்யுங்கள். தினமும் தானாக ஒரு பிரதி பட்டறைக்கு வெளியே போக வேண்டும். தீயும் திருட்டும் கணினியையும் பிரதியையும் பிரித்துப் பார்க்காது. கருவிகளின் வரிசை எண்ணும் புகைப்படமும் ரசீதும் அந்தப் பிரதியில் இருந்தால் காப்பீட்டுக்கும் உதவும்.

மாதத்துக்கு ஒருமுறை சிஎஸ்வி கோப்பையும் எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியலாம். தரவு கெடவில்லை. இறக்குமதி வழியாகத் திறந்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். குறிகளாகத் தெரியும் கோப்பை அப்படியே சேமித்துவிடாமல் மூடிவிடுங்கள், இல்லையென்றால் உண்மையாகவே கெட்டுவிடும். வேறொரு கணினியில் பிரதியை மீட்டெடுத்து, ஏதேனும் ஐந்து பொருள்களின் இருப்பு, கடைசி நகர்வு, இணைத்த புகைப்படம் ஆகியவை வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல மென்பொருள்களில் புகைப்படங்கள் தரவுத்தளத்துக்கு வெளியே தனிக் கோப்புறையில் இருப்பதால், பிரதியில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் அவைதான்.